மானியம் கைக்கு வராது

நேயர்களுக்கு வணக்கம்.

வங்கியில் கடன் பிரிவில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிறுதொழில் தொடங்குவோருக்கு அரசு தரும் கடன்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவற்றில் கடன் கொடுப்பது அரசு அல்ல, வங்கி. அது உங்களைப் போன்றவர்கள் போட்டு வைத்த டெபாசிட் பணம். அரசு செய்வது இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ. கடனில் ஒரு பங்கை மானியமாக ஏற்றுக்கொள்ளும். அல்லது வட்டியில் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளும். அல்லது நீங்கள் கட்டத் தவறினால் வங்கியின் நஷ்டத்தில் ஒரு பகுதியை ஈடு செய்வதாக உத்தரவாதம் கொடுக்கும். நீங்கள் போகிற திட்டத்தில் இவற்றில் எது இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்களில் பலர் முதலில் கேட்டது, "சார், இதுல மானியம் எவ்வளவு?" என்பதுதான். என்ன தொழில், யார் வாங்குவார்கள், மாதம் எவ்வளவு நிற்கும் என்பதெல்லாம் பிறகுதான் வரும். அந்த வரிசை தலைகீழ் என்பது என் கட்சி. ஏன் என்று ஒரு கணக்கைப் போட்டே சொல்கிறேன். பேப்பரும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். ஒரு பெண் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் திட்டச் செலவு 10 லட்சம் ரூபாய். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பிக்கிறார். பி.எம்.இ.ஜி.பி. என்று சொல்வார்களே, 2008-இல் வந்தது, அதுதான். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை இதில் போகலாம். பெண், அதுவும் கிராமப்புறம் என்பதால் இவருக்கு 35 சதவீத மானியம். சொந்தக் கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும். பொதுப் பிரிவு ஆண், நகரத்தில் தொழில் என்றால் மானியம் 15 சதவீதம்தான், கைப்பணம் 10 சதவீதம்.

நம் செக்குக்காரம்மா 50 ஆயிரம் போடுகிறார். வங்கி ஒன்பதரை லட்சம் அனுமதிக்கிறது. மானியம் மூன்றரை லட்சம் வருகிறது. எங்கே வருகிறது? அவர் கைக்கு வருவதில்லை. அவர் பெயரில் வங்கியிலேயே வைப்புத்தொகையாக உட்கார்ந்துகொள்கிறது, மூன்று வருஷத்துக்கு. அந்த வைப்புத்தொகைக்கு வட்டி கிடையாது, கடனில் அந்த மூன்றரை லட்சத்துக்கும் வட்டி போடமாட்டார்கள். ஆக, அவர் வட்டி கட்டுவது 6 லட்சத்துக்கு. மூன்று வருஷம் தொழில் நடந்திருக்கிறது என்று நேரில் வந்து பார்த்து உறுதி செய்த பிறகுதான் மானியம் கடனில் வரவு வைக்கப்படும். நடுவில் செக்கு நின்றுபோனால் மானியம் திரும்பிப் போய்விடலாம், முழுக் கடனும் தலையில் விழும்.

"அரசாங்கப் பணம் மூன்றரை லட்சம் கிடைக்கும், அதை வைத்து வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்து இறங்குபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். செலவழிக்கக் கிடைக்கும் பணம் இல்லை அது. ஒழுங்காகத் தொழில் நடத்தினால் மூன்று வருஷம் கழித்துச் சுமை குறையும், அவ்வளவுதான்.

இனி முக்கியமான இடம். அந்தப் 10 லட்சத்தை எப்படிப் பிரித்திருக்கிறார் என்று திட்ட அறிக்கையைப் பாருங்கள். செக்கு, மோட்டார், ஷெட், மின் இணைப்பு எல்லாம் சேர்ந்து எட்டரை லட்சம். நடைமுறை மூலதனம், அதாவது பருப்பு வாங்கிப் போடும் பணம், ஒன்றரை லட்சம். அறிக்கை எழுதிக் கொடுத்தவர் ஒரு மாதத்துக்கு என்று கணக்குப் போட்டுவிட்டார்.

நடப்பு என்ன? ஒரு நாளைக்கு 50 கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டுகிறார், கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 6 ஆயிரம். மாதம் 25 நாள் ஓடினால் ஒன்றரை லட்சம். பருப்பு மண்டியில் ரொக்கம். எண்ணெய் போகும் கடைகளிலோ கடன். "அடுத்த தடவை வரும்போது வாங்கிக்கோம்மா" என்பார்கள். அந்த அடுத்த தடவை ஒன்றரை மாதம் கழித்து வரும். ஒரு மாதச் சரக்கு கையில், ஒன்றரை மாதச் சரக்கு கடைக்காரர்களின் பாக்கியில். பருப்பு விலையை மட்டும் பார்த்தாலே மூன்றே முக்கால் லட்சம் சுழலில் இருந்தாக வேண்டும். அறிக்கையில் இருப்பது ஒன்றரை. மீதி இரண்டே கால் லட்சத்துக்கு எங்கே போவார்?

தண்டலுக்குத்தான் போவார். கையில் 9 ஆயிரம் கொடுத்துவிட்டு, நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாளில் 10 ஆயிரமாக வசூலிப்பார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். தினமும் அசலும் சேர்ந்து குறைந்துகொண்டே வருவதால், உண்மையில் நீங்கள் சராசரியாக நாலரை ஆயிரத்தைத்தான் கையில் வைத்திருக்கிறீர்கள். வருஷ வட்டிக்கு மாற்றினால் 80 சதவீதம் வரும். வங்கியில் 11, 12 சதவீதத்துக்குக் கடன் வாங்கி, 35 சதவீத மானியமும் பெற்ற தொழில், இந்த ஓட்டையில் ஒழுகிப்போகும். நான் பார்த்து நொடித்த சிறுதொழில்களில் இயந்திரம் கெட்டு நின்றவை குறைவு. பருப்பு வாங்கக் காசில்லாமல் நின்றவைதான் நிறைய.

அதனால் அறிக்கை எழுதும்போதே ஷெட் கட்டுவதை விட்டுவிட்டு வாடகைக்கு இடம் பாருங்கள். இரண்டு செக்குக்குப் பதில் ஒன்று போடுங்கள். மிச்சத்தை நடைமுறை மூலதனத்தில் சேர்த்து, அதைக் கேஷ் கிரெடிட் கணக்காகக் கேளுங்கள். எடுத்ததற்கு மட்டும் வட்டி, கட்டக் கட்ட மறுபடி எடுக்கலாம். இன்னொன்று, இந்தத் திட்டத்தில் நிலம் வாங்கும் செலவைச் சேர்க்க முடியாது. அது தெரியாமல் மனை வாங்கிப் பணத்தை முடக்கிவிட்டு வருபவர்கள் உண்டு.

சிலர் இதற்கு வேறொரு வழி சொல்லிக் கொடுப்பார்கள். "அஞ்சு லட்ச ரூபா மிஷினுக்கு எட்டு லட்சத்துக்குக் கொட்டேஷன் போட்டுத் தர்றேன், மிச்சத்தைக் கையில வாங்கிக்குங்க" என்பார் தரகர். அவருக்கும் ஒரு பங்கு. கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். இல்லாத மூன்று லட்சத்துக்கு ஐந்து வருஷம் வட்டி கட்டப்போவது யார்? அதிகாரி வந்து இயந்திரத்தைப் பார்த்து விலை விசாரித்தால் மாட்டப்போவது யார்? தரகர் அன்றைக்குத் தொலைபேசியை எடுக்கமாட்டார். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. குறு, சிறு தொழில் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவும் இலவசம்தான், ஆதார் எண்ணை வைத்து நீங்களே இணையத்தில் செய்துகொள்ளலாம்.

ஜாமீன் விஷயத்துக்கு வருகிறேன். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதற்கு மேலும் அடமானம் இல்லாமல் கொடுக்க, மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சிக்கான சிட்பி வங்கியும் சேர்ந்து 2000-இல் தொடங்கிய கடன் உத்தரவாத அறக்கட்டளை இருக்கிறது. ஆனால் பலர் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். அந்த உத்தரவாதம் வங்கிக்கு. உங்களுக்கு அல்ல. நீங்கள் கட்டாவிட்டால் அறக்கட்டளை வங்கிக்குக் கொடுக்கும், வங்கி உங்களைத் தேடி வருவது நிற்காது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக் கடன் என்று முத்திரை விழும், அடுத்த கடனுக்கு எந்த வாசலும் லேசில் திறக்காது.

வங்கி மேலாளர்கள் கடன் கொடுக்க ஏன் தயங்குகிறார்கள் என்று கோபப்படுகிறவர்களுக்காக ஒன்று. 1980-களில் ஊரூராக லோன் மேளா நடந்தது. கறவை மாட்டுக்கடன் கொடுத்தோம். ஒரே மாட்டை இரண்டு பயனாளிகளுக்குக் காட்டிய கதையெல்லாம் வங்கி வட்டாரத்தில் அன்று சகஜம். "கவர்மென்ட் பணம்தானே, தள்ளுபடி ஆகிவிடும்" என்ற நினைப்பு அப்போது ஊறியது, இன்னும் முழுசாகப் போகவில்லை. மேலாளரின் மனதில் அந்தப் பயம் இருக்கிறது. அதற்காக நியாயமான விண்ணப்பத்தை மாதக்கணக்கில் இழுத்தடிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

முத்ரா கடனைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2015 ஏப்ரலில் தொடங்கியது. 50 ஆயிரம் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை. இதில் மானியம் கிடையாது, அடமானமும் கிடையாது. உங்களுக்குப் பக்கத்து வங்கிதான் கொடுக்கும், முத்ரா நிறுவனம் நேரடியாக யாருக்கும் கொடுப்பதில்லை. "உங்களுக்கு முத்ரா கடன் அனுமதியாகிவிட்டது, முன்கட்டணம் அனுப்புங்கள்" என்று கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ வந்தால் அது மோசடி.

மாநிலத் திட்டங்கள் பல இருக்கின்றன, எல்லாவற்றையும் வாசித்தால் நேரம் போதாது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் என்ற திட்டம், 5 கோடி ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு, 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும். இதில் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்திடமும் கடன் கேட்கலாம், 1949-இலிருந்து இருக்கிற நிறுவனம். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. என் பார்வையில் இருப்பவற்றில் நன்றாக யோசித்து வகுத்தது இதுதான். 35 சதவீத மானியம், ஒன்றரைக் கோடி வரை, கூடவே 6 சதவீத வட்டிச் சலுகை. மானியத்தையே தொழில்முனைவோரின் பங்காக ஏற்றுக்கொள்வதால் கைப்பணம் இல்லை என்ற காரணத்தால் யாரும் வாசலிலேயே திரும்ப வேண்டியதில்லை. பரம்பரைச் சொத்து இல்லாதவனிடம் "உன் பங்கு எங்கே?" என்று கேட்பதில் இருக்கிற அநியாயத்தை இது புரிந்துகொண்டிருக்கிறது.

கைவினைஞர்களுக்கு மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையையும் 18 வயதிலேயே சேரலாம் என்பதையும் மாற்றக் கேட்டு, அது நடக்காததால், 35 வயது நிரம்பியவர்களுக்கு என்று கலைஞர் கைவினைத் திட்டத்தை மாநிலம் தனியாகக் கொண்டுவந்தது. 3 லட்சம் வரை கடன், 50 ஆயிரம் வரை மானியம். பதினெட்டு வயதுப் பையன் கல்லூரிக்குப் போவானா, அப்பாவின் உளியை எடுப்பானா என்ற கேள்வியில் மாநிலத்தின் கவலை எனக்குப் புரிகிறது.

ஸ்டார்ட்அப் நடத்தும் இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களிடம் இயந்திரம் இல்லை, சரக்கு இல்லை, இருப்பது ஒரு செயலியும் மூன்று மடிக்கணினியும். வங்கி மேலாளருக்கு இதில் பிடிமானம் எதுவும் தெரியாது, அவரைக் குறை சொல்லாதீர்கள். மாதத் தவணை கட்ட வேண்டிய கடன், வருமானமே வராத முதல் இரண்டு வருஷத்தில் உங்களுக்கும் ஒத்துவராது. நீங்கள் தட்ட வேண்டிய கதவு வேறு. மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் ஆதார நிதி, பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் 15 லட்சம். மத்திய அரசின் விதை நிதி 2021-இல் வந்தது. புது நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் தொழில் வளர் மையங்கள் (இன்குபேட்டர்) வழியாக, மாதிரி செய்து பார்க்க 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ பங்காக மாறும் கடனாகவோ. இந்த வளர் மையங்கள் பல பொறியியல் கல்லூரிகளிலேயே இருக்கின்றன. சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை.

விற்ற பணம் வராமல் தவிப்பவர்கள் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய நிறுவனத்துக்குப் பொருள் கொடுக்கும் குறு, சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2006 சட்டம் இது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, கூட்டு வட்டி. சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இதற்கென வசதியாக்க மன்றங்கள் இருக்கின்றன. உத்யம் பதிவு இருந்தால்தான் போக முடியும். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதே என்பார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான், சட்டத்தால் அதைத் தீர்க்க முடியவில்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பித் தொழில் நடத்துகிறவருக்கு இந்தச் சட்டம் ஏட்டில்தான்.

மேலாளரைப் பார்க்கப் போகுமுன் உங்கள் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். செல்போன் செயலியில் எடுத்து மறந்துபோன 3 ஆயிரம் ரூபாய்க் கடன், மச்சானுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாம் அதில் நிற்கும். இரண்டு இயந்திர விற்பனையாளர்களிடம் உண்மையான கொட்டேஷன் வாங்குங்கள். வாங்கிக்கொள்வதாகச் சொல்லும் நாலு கடைக்காரர்களின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். அச்சடித்த முப்பது பக்க அறிக்கையை விட அந்த நாலு பெயரை மேலாளர் கவனமாகப் படிப்பார், நான் படித்திருக்கிறேன்.

கடன் கிடைத்துத் தொழில் தொடங்கியவர்கள், மூன்றாம் வருஷம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கடைக்கு வெளியே பெயர்ப்பலகை, இயந்திரத்தின் பில், மின் கட்டண ரசீதுகள், வரவு செலவுப் புத்தகம் எல்லாம் சரிபார்க்க வரும்போது இருக்க வேண்டும். வந்து பார்த்து முடித்ததும், வைப்பில் இருக்கும் மானியத்தைக் கடனில் வரவு வைக்கச் சொல்லி வங்கிக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். தானாக நடந்துவிடும் என்று காத்திருந்து, அந்த மூன்றரை லட்சத்தை அப்படியே கணக்கில் தூங்கவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

வணக்கம்.