வெள்ளைச் சோப்பும் பச்சைச் சோப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் சோப்பு செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "போன தடவை பளிச்சென்று வெள்ளையாக வந்தது. இந்தத் தடவை பச்சையடித்து மங்கலாக இருக்கிறது. அதே அளவு, அதே அச்சு, அதே காஸ்டிக் சோடா. எங்கே தப்பு?" சிலர் எண்ணெயைச் சோப்பாக்கும் காரமான காஸ்டிக் சோடாவைச் சொல்வார்கள், சிலர் போர் தண்ணீரைச் சொல்வார்கள். நீங்கள் முதலில் சோப்புக்கு ஊற்றிய ஆலிவ் எண்ணெய்ப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள்.

கடையில் ஆலிவ் எண்ணெய் என்று ஒரே பெயரில் நிற்பவை எல்லாம் ஒன்றல்ல. பழத்தை அரைத்துப் பிழிந்து, வேறு எதுவும் செய்யாமல் எடுப்பது எக்ஸ்ட்ரா வர்ஜின். நம் செக்கு எண்ணெய் மாதிரி. பழத்தின் பச்சையும் மஞ்சளும் அதில் அப்படியே இருக்கும். பழுக்குமுன் பறித்திருந்தால் பச்சை தூக்கலாக இருக்கும்; கனியவிட்டுப் பறித்திருந்தால் பொன்னிறம். அடுத்தது ரிஃபைன்டு. வெளுக்கிற மண் போட்டு நிறத்தை எடுத்து, மணத்தையும் நீக்கியது. 'எக்ஸ்ட்ரா லைட்' என்று எழுதியிருப்பதும் இந்த வகைதான். லைட் என்றால் நிறமும் மணமும் லைட். கொழுப்பு ஒரு சொட்டும் குறையாது. 'ப்யூர்' என்பது ரிஃபைன்டில் கொஞ்சம் வர்ஜின் கலந்தது. கடைசியாக போமேஸ். பிழிந்து முடித்த புண்ணாக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெயைக் கரைப்பான் விட்டு எடுத்து, சுத்தம் செய்து, அதிலும் கொஞ்சம் வர்ஜின் சேர்ப்பார்கள். விலை குறைவு.

சரி, இத்தனை காரமான காஸ்டிக்கில் எண்ணெயின் பச்சை பிழைக்குமா? பிழைக்கும். அடுப்படியில் நீங்கள் பார்த்ததுதான். கீரையில் புளி ஊற்றினால் பச்சை போய்ப் பழுப்பாகிவிடும். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் பச்சை அப்படியே நிற்கும். இலைப்பச்சையைப் புளிப்புதான் கெடுக்கும், காரம் கெடுக்காது. ஆலிவ் எண்ணெயில் இருப்பதும் அதே இலைப்பச்சை. காஸ்டிக்கைத் தாண்டி வந்துவிடும். அதற்கு எதிரி வெளிச்சம். இதை நினைவில் வையுங்கள்: காரம் கெடுக்காது, வெளிச்சம் கெடுக்கும்.

சிரியாவில் அலெப்போ சோப்பு என்று ஒன்று, ஆலிவ் எண்ணெயும் லாரல் என்ற மரத்தின் பழ எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவது. மாதக்கணக்கில் உலர்ந்தபின் வெளியே பொன் பழுப்பாக இருக்கும். கத்தியால் வெட்டினால் உள்ளே பச்சை! காற்றும் வெளிச்சமும் பட்ட இடம் மட்டும் மாறியிருக்கிறது. பிரான்சின் மார்செய் சோப்பிலும் இரண்டு நிறம் உண்டு. ஆலிவ் எண்ணெயில் செய்தது பச்சைக் கட்டி, தேங்காய், பனை எண்ணெயில் செய்தது வெள்ளைக் கட்டி.

இப்போது நான் மிகவும் வலியுறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். பாட்டிலில் தெரியும் நிறத்தை நம்பி ஒரு கிலோ எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். நூறு கிராமில் சோதித்துப் பாருங்கள். எக்ஸ்ட்ரா வர்ஜின், ரிஃபைன்டு, போமேஸ் என்று மூன்று வகை எண்ணெய், வகைக்கு 100 கிராம். ஒவ்வொன்றுக்கும் காஸ்டிக் சோடா 12.8 கிராம், தண்ணீர் 30 கிராம். கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் சின்னத் தராசு கட்டாயம் வேண்டும். சமையல் தராசில் 12.8 தெரியாது. எவர்சில்வர் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் பாத்திரம் எடுங்கள். அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்துவிடும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்ணீரில் காஸ்டிக்கைத் தூவுங்கள். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது, பொங்கித் தெறிக்கும்.

எண்ணெயும் காஸ்டிக் கரைத்த தண்ணீரும் மிதமான சூட்டுக்கு, 40 டிகிரிக்கு வந்ததும் கலந்து, ஹேண்ட் பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டுங்கள். கலக்கக் கலக்க எண்ணெய் வெளுக்கும், தேங்காய்ப் பால் வெளுப்பாகத் தெரிகிறதே, அதே காரணம்; துளிகள் பொடிந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. அந்த நேரத்து நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கரண்டியால் சொட்டினால் மேலே கோடு நிற்கிற பதத்தில் கப்பில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டிவையுங்கள். போமேஸ் மற்றவற்றைவிடச் சீக்கிரம் கெட்டியாகும், அசந்துவிடாதீர்கள்.

நாலைந்து நாளில் எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதி ஜன்னலோரம், ஒரு பாதி அலமாரிக்குள். ஆறு வாரம் கழித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிஃபைன்டு, வெள்ளையோடு லேசான தந்த நிறம். எக்ஸ்ட்ரா வர்ஜின், அலமாரியில் இருந்தது இளம்பச்சை. ஜன்னலில் இருந்தது வெளிறி வெண்ணெய் நிறம். போமேஸ் பச்சையும் சாம்பலும் கலந்து, பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். பளிச்சென்ற வெள்ளை வேண்டுமானால் எக்ஸ்ட்ரா வர்ஜினுக்குக் காசு கொடுப்பது வீண். அதைச் சாலட்டுக்கு வையுங்கள்.

நிறம் சேர்க்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். செட்டிநாட்டின் ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிறவர்கள் வெளிர் நிறத்துக்கு வெள்ளை சிமெண்ட்தான் எடுப்பார்கள். சாம்பல் சிமெண்டில் நிறம் எடுக்காது. சோப்பிலும் அப்படியே. மஞ்சள் படிந்த எண்ணெயில் நீலம் போட்டால் பச்சையாக வரும். மஞ்சள்தூள் போட்டால் முதலில் ரத்தச் சிவப்பாகும். பயப்பட வேண்டாம், ஆரத்திக்கு ஆலம் கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கிறதே, அதேதான். நாளாக ஆக மஞ்சள் கலந்த ஆரஞ்சுக்கு இறங்கும்.

அன்றாடச் சோப்புக்கு என் அளவு: ரிஃபைன்டு ஆலிவ் 350 கிராம், தேங்காய் எண்ணெய் 150, காஸ்டிக் 70, தண்ணீர் 150. தேங்காய் எண்ணெய் வெள்ளையும் தரும், நுரையும் தரும்.

நேரம் நெருங்கிவிட்டது, இரண்டை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நம் சித்திரை வெயிலில் ஊற்றிய சோப்பு உள்ளே தானாகச் சூடேறும். நடுவில் கருத்த வட்டம் விழுந்தால் அது எண்ணெய்க் கோளாறு அல்ல. நடு மட்டும் சூடேறி, ஓரம் ஏறவில்லை. அச்சை ஃபிரிட்ஜில் வையுங்கள், அல்லது முழுக்கப் போர்த்தி முழுதும் சூடேற விடுங்கள். அடுத்து, மாதங்கள் கழித்து வரும் ஆரஞ்சுப் புள்ளி, சிக்கு வாடையோடு. அது பழைய எண்ணெயால் வரும், இரும்பு கலந்த போர் தண்ணீராலும் வரும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.