மாத்த வேண்டியது டீச்சர் மனச இல்ல, அவங்க வேலைய

நடுவர் ஐயாவுக்கும், சனிக்கிழமை லீவையும் விட்டுட்டு வந்து உக்காந்திருக்கற ஆசிரியர் சொந்தங்களுக்கும் வணக்கம். ஆசிரியர் மனநலம் காக்க முதல்ல மாற வேண்டியது அவங்க மனப்பக்குவமா, வேலைச்சூழலா, இதுதான் இன்னிக்கு தலைப்பு. வேலைச்சூழல்தான்னு சொல்ல வந்திருக்கேன்.

எதிரணி அண்ணன் ஆரம்பிக்கும்போதே மாதா பிதா குரு தெய்வம்னு சொன்னாரு, இது அறப்பணி, சகிச்சுக்கணும்னாரு. ஐயா, தெய்வம்னு தூக்கி வச்சுட்டா அப்புறம் அதுக்கு தூக்கம் வரலைன்னு சொல்ல முடியாது, படபடப்பா இருக்குன்னு சொல்ல முடியாது. எத்தனை டீச்சர் லீவ் லெட்டர்ல "கடும் காய்ச்சல் காரணமாக"ன்னு எழுதறாங்க தெரியுமா? மனசு சரியில்லைன்னு எழுதினா அந்த லெட்டர் ஸ்டாஃப் ரூம் முழுக்க சுத்தும், "அந்த டீச்சருக்கு ஏதோ ப்ராப்ளமாம்"னு பேரன்ட்ஸ் வரைக்கும் போயிடும், அதனால இல்லாத காய்ச்சல எழுதறாங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், உடம்பு நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய் சிகிச்சைக்கும் இன்சூரன்ஸ் கொடுக்கணும்னு சொல்லுது. சட்டம் வந்துடுச்சு, ஆனா ஒரு மனநல டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்ட தைரியமா ஹெச்.எம். டேபிள்ல வைக்கற நிலைமை இன்னும் வரல.

சரி, ஒரு தொடக்கப்பள்ளிக்கு வாங்க. ஈராசிரியர் பள்ளி. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ரெண்டே பேரு. காலையில ப்ரேயர் முடிஞ்சு உள்ள வந்த உடனே எமிஸ்னு பள்ளிக் கல்வித் துறையோட பதிவு ஆப் இருக்கே, அதுல அட்டெண்டன்ஸ் போடணும். டவர் இல்ல. டீச்சர் போன தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல, அப்புறம் வேப்பமரத்தடியில, அப்புறம் காம்பவுண்ட் ஓரத்துல நிக்கறாங்க, உள்ள பசங்க சிலேட்ட வச்சுக்கிட்டு டீச்சர் டீச்சர்னு கூப்பிடுதுங்க, ஒருத்தன் இன்னொருத்தன் மண்டையில அடிச்சுட்டான், ஆப் சுத்திக்கிட்டே இருக்கு, அதுக்குள்ள வாட்ஸ்அப் குரூப்ல "இன்னும் வருகை பதியாத பள்ளிகள்"னு லிஸ்ட் வருது, அதுல நம்ம ஸ்கூல் பேரு. இது ஒரு நாள் கதை இல்லீங்க, அடுத்த நாளும் அதே மரத்தடிதான். இந்த டீச்சருக்கு எந்த மனப்பக்குவத்த சொல்லித் தரப்போறீங்க? நடுநிலைப் பள்ளிகள்ல ஹைடெக் லேபுக்கும் எமிஸ் வேலைக்கும்னு ஆள் போட்ட பிறகு அங்க இருக்கற டீச்சருங்க மூச்சு விட்டாங்க, அவங்க குணத்த யாரும் மாத்தல, வேலைய பிரிச்சுக் கொடுத்தாங்க, அவ்ளோதான். அதே ஏற்பாடு சின்ன ஸ்கூலுக்கு ஏன் கூடாது?

கல்வி உரிமைச் சட்டம், 2009, அதுல 27வது பிரிவு. மக்கள்தொகை கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல், இது மூணையும் தவிர வேற எந்த வெளிவேலைக்கும் ஆசிரியர அனுப்பக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. அந்த மூணே போதும் ஒரு மனுஷன முறிக்க, பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை பாத்தவங்கள கேளுங்க, ஸ்கூல் விட்டு சாயங்காலம் வீடு வீடா ஃபாரத்த தூக்கிக்கிட்டு அலைஞ்ச கதைய சொல்லுவாங்க. இதுக்கு மேல இருக்கறதையாவது நிறுத்துங்கன்னு கேக்கறோம்.

இன்னொரு தங்கச்சி, எல்லா வேலையிலயும்தான் ஸ்ட்ரெஸ் இருக்கு, ஐடில இல்லையான்னு கேட்டாங்க. இருக்கும்மா, இல்லைன்னு சொல்லல. ஆனா 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒண்ணு வந்துச்சே, ஓய்வு பெற அஞ்சு வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருக்கற ஆசிரியர்கள் ரெண்டு வருஷத்துக்குள்ள டெட்ங்கற ஆசிரியர் தகுதித் தேர்வுல பாஸ் பண்ணணும், இல்லைன்னா வேலைய விட்டுப் போகணும்னு. அன்னிக்கு ராத்திரி எத்தனை வீட்ல சாப்பாடு இறங்கல. ஐம்பது வயசுல, பொண்ணு கல்யாணத்துக்கு லோன் போட்டுட்டு, இருபது வருஷத்துக்கு மேல பாடம் நடத்திட்டு, கைட வாங்கி முதல்லேர்ந்து படிக்கறாங்க. தகுதி வேணுமா வேணாமாங்கறது வேற வாதம், அதுக்குள்ள நான் போகல. அந்த பயத்தோட அடுத்த நாள் காலையில சிரிச்ச முகத்தோட அ, ஆ சொல்லித் தரணும் பாருங்க, அத சொல்றேன். 2012ல 5,000 ரூபாய் சம்பளத்துக்கு சேர்ந்த பகுதிநேர ஆசிரியருங்க இன்னும் பணி நிரந்தரம் கேட்டு வெயில்ல உக்காந்திருக்காங்க, அவங்களுக்கும் சகிப்புத்தன்மைதான் பதிலா? பிரைவேட் ஸ்கூல்ல ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வச்சுக்கிட்டு மே மாச வெயில்ல அட்மிஷன் பிடிக்க தெருத்தெருவா அனுப்பறாங்களே, அவங்க வாயத் திறந்தா அடுத்த மாசம் வேலை இருக்காது.

ஒண்ணு சொல்லணும், இத சொல்லும்போது எனக்கே கஷ்டமா இருக்கு. எனக்கு தெரிஞ்ச ஒரு ஸ்கூல்ல பத்தாவது பையன் பைக் விபத்துல இறந்துட்டான். பசங்கள உக்கார வச்சு ஆறுதலா பேச ஆள் வந்தாங்க, நல்ல விஷயம், வரணும். அந்த பையனோட கிளாஸ் டீச்சர்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அவங்க அடுத்த நாள் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர எடுத்து வரிசையா பேரு வாசிக்கறாங்க, அவன் பேரு வந்த இடத்துல குரல் நின்னுடுச்சு, கிளாஸே அழுதுச்சு, பத்து நிமிஷத்துல மேத்ஸ் போர்ஷன் ஆரம்பிச்சாச்சு, ஏன்னா ரிவிஷன் டெஸ்ட். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த கிளாஸ வேற ஒருத்தர பாத்துக்க சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? நடுவர் ஐயா, அவங்களுக்கு மனப்பக்குவம் இல்லைன்னு சொல்ல இங்க யாருக்கும் வாய் வராது.

கடைசியா யோகா, தியானம். நான் எதிரி இல்ல, செய்யறவங்க செய்யட்டும், பலன் இருக்கு. ஆனா இந்த பயிற்சியெல்லாம் எப்ப வைக்கறாங்க? லீவ் நாள்ல. பி.ஆர்.சி.ல, அதாவது வட்டார வள மையத்துல உக்கார வச்சு, முடிஞ்சதும் போட்டோ எடுத்து அப்லோட் பண்ணுங்கன்னு. மன அமைதிக்கு வந்தவங்களுக்கு இன்னொரு வேலை. 14416, டெலிமனஸ்ங்கற அரசோட மனநல உதவி போன் நம்பர், 2022 அக்டோபர்லேர்ந்து இருக்கு, இலவசம், ராத்திரி பகல் எப்ப வேணா தமிழ்லயே பேசலாம், தேவைப்படறவங்க தயங்காம கூப்பிடுங்க, வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. ஆனா போன வச்ச பிறகு திரும்ப அதே வேப்பமரத்தடிக்குத்தானே போகணும்?

அதனால எங்க அணி கேக்கறது இதுதான். பதிவேத்தற வேலைக்கு தனி ஆள் கொடுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அந்த வாட்ஸ்அப் குரூப்ல உத்தரவு போடாதீங்க. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு மனநல ஆலோசகர், அவர் வட்டாரக் கல்வி அலுவலர் பி.இ.ஓ.வுக்கு ரிப்போர்ட் பண்ணக்கூடாது, டீச்சர் சொன்னது அந்த ரூமுக்குள்ளயே இருக்கணும். எதிரணி சொன்ன தியான வகுப்புக்கும் சரின்னு சொல்றோம், ஆனா அத ஸ்கூல் நேரத்துல வைங்க, அந்த ஒரு மணி நேரம் பசங்கள பாத்துக்க ஒரு ஆள அனுப்புங்க. அந்த ஆள அனுப்பறதுக்கு பேருதான் சூழல மாத்தறது, தீர்ப்ப எங்க பக்கம் தாங்க நடுவர் ஐயா. நன்றி, வணக்கம்.