பவளத்துக்கும் பசிக்கும்

வணக்கம் நேயர்களே. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்களைப் பார்த்தால் நான் கேட்பது ஒன்றுதான்: "அதற்கு என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?" பாதிப் பேர் விழிப்பார்கள். "சாப்பாடா? அதுதான் நல்ல விளக்காகப் போட்டிருக்கிறோமே!" என்பார்கள்.

பவளம் செடி அல்ல, பிராணி. அதற்கு வாய் உண்டு, வயிறு உண்டு. இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. பெரிய அறிஞர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 1706-ஆம் ஆண்டு வாக்கில் மார்சிலி என்ற இத்தாலியர் கடலிலிருந்து எடுத்த செம்பவளக் கிளையைக் கடல்நீரில் போட்டு வைத்தார். கொஞ்ச நேரத்தில் கிளை முழுக்க வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றிலும் எட்டு இதழ். வெளியே எடுத்தால் மூடிக்கொண்டன, தண்ணீரில் விட்டால் மறுபடி மலர்ந்தன. பவளம் செடிதான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? ஐரோப்பாவே நம்பியது. அப்புறம் 1720-களில் பேசொனெல் என்ற மார்செய் நகரத்து மருத்துவர் அதே பூக்களைப் பொறுமையாகப் பார்த்தார். "இது பூ இல்லை, சின்னஞ்சிறு பிராணி. இதழ் மாதிரித் தெரிவது அதன் கைகள்" என்று எழுதி அனுப்பினார். 1727-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அதைப் பற்றிப் பேசிய ரெயோமூர், எழுதியவர் பெயரையே சொல்லவில்லை. நல்ல மனிதர், ஊர் சிரிக்குமே என்ற இரக்கம்தான்! 1740-களில், செடி மாதிரித் தெரியும் நன்னீர் ஹைட்ராவும் பிராணிதான் என்று காட்டிய ஆராய்ச்சி வெளிவந்த பிறகுதான் பேசொனெல் சொன்னது எடுபட்டது. இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. விஷயத்துக்கு வருகிறேன்.

விளக்கு எதற்கு? பெரும்பாலான தொட்டிப் பவளங்களின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்து, பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுத்துவிடும். ஆற்றலுக்கு அது போதும். ஆனால் சர்க்கரைத் தண்ணீரை மட்டும் குடித்து யாருக்காவது உடம்பு தேறுமா? சதை வைக்க நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். அது மீன் கழிவிலிருந்து கொஞ்சம் வரும், பிடித்துத் தின்னும் இரையிலிருந்து கொஞ்சம் வரும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும் என்று நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியத்துக்கு இறக்குபவர்கள் பவளத்தைப் பட்டினி போடுகிறார்கள். அது வெளிறிப்போகும்.

பாசியே இல்லாத பவளமும் உண்டு. ஆரஞ்சு நிறச் சூரியப் பவளத்துக்கு விளக்கால் ஒரு பயனும் இல்லை, நாம் ஊட்டினால்தான் உயிர். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தொட்டி விளக்கு அணைந்த பிறகு, மைசிஸ் என்ற பொடி இறாலை, உறைந்ததை உருக்கி, அதன் சாற்றைக் கொஞ்சம் தண்ணீரில் விடுங்கள். ஒரே பவளத்தில் வாய்கள் பல. வாசனை பட்டதும் ஒவ்வொரு வாயாகக் கை விரிக்கும். அவசரப்படாதீர்கள், கால் மணி நேரம்கூட ஆகலாம். பிறகு பம்பை நிறுத்திவிட்டு, நீண்ட பிப்பெட்டால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு துண்டு. ஆமாம், ஒவ்வொரு வாய்க்கும்தான். ஒரு வாய் தின்றால் பக்கத்து வாய்க்கு வயிறு நிறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். தொட்டியில் கிளீனர் இறால் இருந்தால் அது வாய்க்குள்ளிருந்தே பிடுங்கித் தின்னும். அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைப் பவளத்தின் மேல் கவிழ்த்து, மூடி கழற்றிய பாட்டில் வாய் வழியாக ஊட்டுங்கள், திருடன் வெளியே சுற்றிக்கொண்டிருப்பான். முடிந்ததும் பம்பை மறக்காமல் போடுங்கள். மறந்தால் தொட்டிக்கு மூச்சு முட்டும்.

பிராணிதானே என்று அள்ளிக் கொட்டவும் கூடாது. தின்னாத உணவு அழுகி, பாஸ்பேட் ஏறி, பாறையெல்லாம் பாசி முளைக்கும். மற்றப் பவளங்களுக்கு வாரத்தில் ஓரிரு நாள், கொஞ்சமாகப் போட்டால் போதும்.

தண்ணீரைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், கடிகாரம் விடவில்லை. சுருக்கமாக: வெப்பம் 25, 26 டிகிரி. உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். பவளம் எலும்பு கட்ட கால்சியமும் காரத்தன்மையும் தேவை. அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சரி, நாளுக்கு நாள் ஏறி இறங்கக் கூடாது.

கடைசியாக ஒன்று, இதை விட முடியாது. சோவாந்திட், பாலிதோவா என்ற பொத்தான் பவளங்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டாதீர்கள். அவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போடவே போடாதீர்கள், அந்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. நிலையத்தார் கை காட்டுகிறார்கள். வணக்கம்.