பினாங்கு மாடியறையில் இண்டி ஃபோக்: மூன்று புதிய குரல்கள்

வணக்கம், நேயர்களே. ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில், சென்ற சனிக்கிழமை இரவு, இண்டி ஃபோக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத கலைஞர்களின் நாட்டுப்புறச் சாயல் இசை) பாடும் மூன்று புதிய தரப்பினர் வழங்கிய சிறு இசைநிகழ்ச்சியைப் பற்றி இன்று பேசப்போகிறேன். இந்த வகை இசையை இவ்வளவு சிறிய அறையில் கேட்பதுதான் முறை என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை அவர்கள் வாசித்த விதத்திலிருந்தே சொல்ல முடியும்.

கடைவீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை என்பது உங்களுக்குத் தெரியும். குறுகிய பக்கத்தில் மேடை அமைத்தால் கடைசி வரிசைக்குச் சொற்கள் தெளிவாகப் போய்ச் சேர்வதில்லை. ஒலியைக் கூட்டினாலோ முதல் வரிசையில் இருப்பவருக்குக் காது வலிக்கும். ஏற்பாட்டாளர்கள் நீளச் சுவரின் நடுவில் பாடகர்களை அமர்த்தி, நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள். பாட்டு நடக்கும்போதெல்லாம் மின்விசிறிகளையும் நிறுத்திவிட்டார்கள். பினாங்கு வெக்கையில் அது சாதாரணத் தண்டனை அல்ல, ஆனாலும் எவரும் எழுந்து போகவில்லை.

முதலில் பாடியவர்கள் ஈப்போவிலிருந்து வந்த இருவர். இரு குரல்களும் நன்றாக இழைந்தன. எனினும் எல்லாப் பாடல்களும் ஒரே வேகத்தில் நடந்ததாலும், பாட்டுக்குப் பாட்டு நீண்ட விளக்கம் சொன்னதாலும், பாதியிலேயே எனக்குக் கவனம் சிதறியது.

அடுத்து வந்த சரவாக் பெண்ணின் கையில் இருந்தது சாப்பே. சரவாக்கின் உட்பகுதிப் பழங்குடியினரான ஓராங் உலு மக்களின் இந்த நரம்புக் கருவியை மரபுப்படி ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்வார்கள். ஒரு தந்தி மெட்டை எடுத்துச் செல்ல, மற்றவை சுருதியாக ஒலித்துக்கொண்டிருக்கும். முற்காலத்தில் ஆண்களே வாசித்த இக்கருவியை அலெனா முராங் போன்ற பெண் கலைஞர்கள் வெளிநாட்டு மேடைகள்வரை கொண்டு சென்றிருக்கிறார்கள். இந்தப் பெண் சாப்பேயின் மெட்டு ஓய்ந்த இடங்களில் மட்டும் பாடினார். சுருதித் தந்திகள் மெல்ல அடங்கும் ஓசைகூடக் கடைசி நாற்காலிவரை கேட்டது.

மூன்றாவதாகப் பாடியவர் சுங்கைப்பட்டாணியைச் சேர்ந்த நம் தமிழ் இளைஞர். மலாயிலும் ஆங்கிலத்திலும் சில பாடல்களைப் பாடிய பிறகு, தோட்டத்தில் வாழ்ந்த தம் பாட்டியிடம் கேட்ட தாலாட்டு மெட்டில் தாமே எழுதிய ஒரு தமிழ்ப் பாட்டைப் பாடினார். தாலாட்டை கிட்டாருக்குக் கொண்டுவருவதில் ஒரு சங்கடம் உண்டு. வரிகளின் நீளம் பாடுபவரின் மூச்சுக்கேற்ப மாறும். நான்கு எண்ணிக்கைக்கு ஒருமுறை கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாற்றினால், ‘ஆராரோ’ என்று இழுக்க வேண்டிய இடத்தில் பாட்டு அவசரப்படும். அவர் ஆறு தந்திகளையும் டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்ற மேற்கத்தியச் சுரங்களுக்குச் சுருதி சேர்த்திருந்தார். 1960-களில் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் வழியாகப் பரவிய இந்தச் சுருதி அமைப்பில், விரல் வைக்காமல் தந்திகளை மீட்டினால், மேற்கத்திய இசையின் இரு முக்கியச் சுர அமைப்புகளான மேஜரா மைனரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே அது கிட்டத்தட்டத் தம்புரா போலப் பின்னால் நிற்க, பாட்டு தன் போக்கில் நீண்டும் குறுகியும் நடந்தது. திரையிசைச் சாயல் இல்லாமல் தமிழைக் கிட்டாரில் பாட முடியுமா என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு பாட்டைத்தான் நான் காட்டுவேன்.

இதே பாட்டை மதுக்கூடத்திலோ உணவுத் திருவிழாவிலோ பாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலி 2008-இல் தொடங்கிய டைனி டெஸ்க் நிகழ்ச்சியின் கதையே அதற்குப் பதில். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில், லாரா கிப்சன் என்ற ஃபோக் பாடகியின் மெல்லிய குரல் கூட்டத்தின் இரைச்சலில் கேட்காமல் போனது. அதன் பின் அந்த வானொலியின் இசை நிகழ்ச்சித் தொகுப்பாளர் பாப் பாய்லன் தம் அலுவலக மேசைக்கே வந்து பாடும்படி அவரை அழைத்ததில்தான் அந்தத் தொடர் பிறந்தது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு இணைய இசைத் தளமான ஸ்பாட்டிஃபை உரிமத்தொகை தருவதில்லை. புதிதாக வருபவர்களின் பாடல்கள் பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேதான் நிற்கும். கலைஞர்கள் தம் பாடல்களை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளமோ டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு, பணம் செலுத்தும் கட்டணம் போக மீதியைக் கலைஞருக்கே கொடுக்கிறது. ஆகவே நுழைவுச்சீட்டும், வாசலில் விற்கும் சட்டையும், அந்தத் தளத்தில் வாங்கும் ஒரு பாட்டும் அவர்களுக்கு உண்மையான வருமானம்.

பாடல்களை நான் முழுமையாக இந்தக் காணொளியில் சேர்க்கவில்லை. அவை அவர்களுடைய சொத்து. தவிர, கேமராவின் சிவப்பு விளக்கு எதிரில் எரிந்தால் பாடுபவரின் கண் அங்கேயே போகிறது என்பதைக் கவனித்ததும் நான் அதை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். மூன்று தரப்பினரின் பக்கங்களுக்கும் இணைப்புகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். தமிழ்ப் பாட்டு இன்னும் பதிவாகவில்லை. அதைக் கேட்க வேண்டுமானால் அவர் அடுத்துப் பாடும் அறைக்குத்தான் நீங்கள் போக வேண்டும்.