வேலைக்குப் போகவா, வேண்டாமா: ஊரடங்கில் ஒரு பிளம்பர்

நேயர்களுக்கு வணக்கம். நான் சென்னை அயனாவரத்தில் 22 வருஷமாகப் பிளம்பர் வேலை செய்கிறேன். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. போன் வரும், பையைத் தூக்கிக்கொண்டு போவேன். குழாய் சரியானால் கூலி, அவ்வளவுதான். கொரோனா ஊரடங்கு நாட்களில் எங்களைப் போன்ற ஆட்கள் வேலைக்குப் போவதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுத்தோம் என்பதைப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. தமிழ்நாட்டில் அன்றைக்குச் சாயங்காலம் 6 மணிக்கே 144 தடை உத்தரவு வந்துவிட்டது. இரவு 8 மணிக்குப் பிரதமர் டிவியில் பேசினார். நாடு முழுக்க 21 நாள். பெரம்பூரில் ஒரு பாத்ரூம் வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தேன். சுவரை வெட்டிப் பைப்பைப் புதைத்தாயிற்று, ஒழுகுகிறதா என்று பிரஷர் போட்டுப் பார்க்கவில்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு 21 நாள் என்பது ஒரு கவலை. எங்களுக்கு அது 21 கூலி. வீட்டில் அரிசி எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று என் மனைவி அன்றைக்கு ராத்திரியே டிரம்மைத் திறந்து பார்த்தாள்.

நாலாவது நாள் போன் வந்தது. வில்லிவாக்கத்தில் ஒரு வீடு, வயதான தம்பதி, பிள்ளைகள் வெளிநாட்டில். "தம்பி, மோட்டார் ஓடுது, தண்ணி மேல ஏறலப்பா. ரெண்டு பக்கெட்தான் இருக்கு." அந்த அம்மாவுக்கு 68 வயது. கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. சம்ப்புக்குள், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குள், பைப்பின் கீழ் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வு தண்ணீரைப் பிடித்து நிறுத்தவில்லை. மோட்டாரை நிறுத்தியதும் பைப்பில் இருக்கும் தண்ணீர் திரும்பச் சம்ப்புக்குள் இறங்கிவிடும். மோட்டாருக்குள் காற்று நிற்கும். அப்புறம் எவ்வளவு நேரம் ஓடினாலும் தண்ணீரை இழுக்காது.

போகவா? வீட்டில் எனக்கு அம்மா இருக்கிறார்கள், சர்க்கரை வியாதி. அங்கே இரண்டு பேர், இருவரும் வயதானவர்கள். எனக்கு நோய் இருந்து தெரியாமல் கொடுத்துவிட்டால்? இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊரடங்கில் வெளியே போக என்னிடம் அனுமதி பாஸ் கிடையாது. அப்போது பிளம்பருக்கு என்று பாஸே இல்லை.

வீடியோ கால் போடச் சொன்னேன். மோட்டார் தலையில் சின்ன மூடி மாதிரி ஒரு பிளக் இருக்கும். அதை ஸ்பேனரால் திருகச் சொன்னேன். ஸ்பேனர் இல்லை, சமையலறையிலிருந்து இடுக்கியைக் கொண்டுவந்தார்கள். அது சரிவரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் காம்பவுண்டுக்கு மேலாக ஒரு ஸ்பேனரை நீட்டினான். பிளக்கைக் கழற்றி, சொம்பில் தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எட்டு சொம்பு போயிற்று. மூடிவிட்டு சுவிட்சைப் போட்டதும், அந்த அம்மா மாடிப்படி ஏறிப்போய் டேங்குக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் அயனாவரத்தில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் தினமும் காலையில் அந்த அம்மாவே ஊற்றி ஓட்டினார்கள். ஒன்பது நாள். பத்தாவது நாள் இடுப்புப் பிடித்துவிட்டது என்றார்கள். அன்றைக்கு நான் போனேன்.

போவதென்று முடிவு செய்துவிட்டால் மட்டும் போதாது. ஹார்டுவேர் கடை எல்லாம் பூட்டிக் கிடந்தது. புது ஃபுட் வால்வுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கழற்றிப் போட்ட பழைய சாமான்களில் ஒன்று கிடைத்தது. உள்ளே இருக்கும் ரப்பர் இற்றுப்போயிருந்தது. பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டிப் போட்டேன். வழியில் போலீஸ் நிறுத்தினார்கள். பையைத் திறந்து பைப் ரிஞ்ச், டெஃப்லான் டேப் எல்லாம் காட்டினேன். இதெல்லாம் அத்தியாவசியத்தில் வராது என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கையிலிருந்த பட்டியலில் நான் இல்லை. தண்ணீர் இல்லாத வீட்டில் எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கை கழுவ முடியும் என்று அந்தப் பட்டியலை எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 15-ஆம் தேதி மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. எலக்ட்ரீசியன், பிளம்பர், மோட்டார் மெக்கானிக், கார்பென்டர் எல்லாம் 20-ஆம் தேதி முதல் வேலை செய்யலாம் என்று அதில் இருந்தது. டிவியில் பார்த்ததும் எங்கள் தெருவில் இருக்கும் எலக்ட்ரீசியன் அண்ணன் எனக்குப் போன் செய்தார். 20-ஆம் தேதி வந்தது. தமிழ்நாட்டில் தளர்வு கிடையாது, மே 3 வரை இப்படியேதான் என்று மாநில அரசு சொல்லிவிட்டது. நோய் ஏறிக்கொண்டிருந்தது, அவர்களுக்கும் பயம். மே 4-க்கு அப்புறம்தான் அனுமதி வாங்கிக்கொண்டு போகலாம் என்றார்கள். இதற்கு நடுவில் போன் மட்டும் நிற்கவே இல்லை. ஒரே நாளில் டிவி ஒன்று சொல்கிறது, தெருமுனை இன்னொன்று சொல்கிறது, வாடிக்கையாளர் வேறொன்று சொல்கிறார். கடைசியில் முடிவெடுக்க வேண்டியவன் வாசலில் உட்கார்ந்திருக்கும் நான்.

எங்கள் வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியாது. உங்கள் குழாய் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இடைவெளி விடுங்கள் என்பார்கள். வாஷ்பேசினுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருக்கும்போது வீட்டுக்காரர் ஒரு அடி தள்ளி நின்று டார்ச் அடிப்பார். அவருடைய மூச்சு என் கழுத்தில் படும். முகக்கவசம் வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டும். சிபிவிசி பைப்புக்குப் பசை தடவினால் அந்த வாசனையில் கவசத்தை இறக்கிவிட்டு மூச்சு வாங்கத்தான் தோன்றும்.

பக்கத்தில் சலூன் வைத்திருக்கும் தம்பியின் நிலைமை இன்னும் மோசம். சென்னையில் சலூனைத் திறக்க விட்டதே ஜூன் 1-ஆம் தேதிதான், அதுவும் வருகிறவர்களின் ஆதார் எண்ணை எழுதி வைக்க வேண்டும் என்று. ஜூன் 19-ஆம் தேதி மறுபடி மூடியாயிற்று. நடுவில் எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்து வெட்டிவிடு, இரண்டு மடங்கு தருகிறேன் என்று கூப்பிட்டார்கள். "அண்ணே, என் கை அவங்க மூக்குக்கு முன்னாடி நிக்குது. நான் போகமாட்டேன்" என்றான். மூன்று மாத வாடகை பாக்கி வைத்துக்கொண்டு சொன்னான். அவன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

அதே ஜூனில்தான் சாத்தான்குளத்தில் கைபேசிக் கடை வைத்திருந்த தந்தையையும் மகனையும், நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இருவரும் திரும்பி வரவில்லை. அந்தச் செய்தி வந்த வாரம் எங்களில் பாதிப் பேர் சாயங்காலம் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம். நோய்க்குப் பயந்து அல்ல.

சரி, பண விஷயத்துக்கு வருகிறேன். அரிசி கார்டுக்கு ஆயிரம் ரூபாயும் ரேஷனும் கொடுத்தார்கள், வாங்கினோம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இருந்தவர்களுக்குத் தனியாகப் பணம், அரிசி, பருப்பு, எண்ணெய் வந்தது. பிளம்பர், எலக்ட்ரீசியன், பெயின்டர், ஆசாரி எல்லோரும் அந்த வாரியத்தில் சேரலாம். 1994-லிருந்து இருக்கும் வாரியம் அது. வீடு கட்டுகிறவர்கள் கட்டும் வரியிலிருந்து அதற்குப் பணம் வருகிறது. நான் சேர்ந்திருந்தேன், புதுப்பிக்கவில்லை. ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அந்த ஒரு நாள் கூலிக்காக மூன்று மாதம் கஷ்டப்பட்டேன். வங்கிக் கடனுக்குத் தவணை தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் திட்டம் வந்தது. நல்ல திட்டம், ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிற எங்களுக்கு அதில் இடமில்லை. மனைவியின் வளையல் அடகுக்குப் போயிற்று.

வளையல் போன அடுத்த வாரம் ஒரு அபார்ட்மென்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஒழுகல் இல்லை, அடைப்பு இல்லை. பாத்ரூம் குழாய் பழசாகத் தெரிகிறதாம், புதுசு மாட்ட வேண்டுமாம். 1,500 ரூபாய் கூலி. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டிய வேலை. போனேன். மனசாட்சிக்கு விரோதமாகப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல், வாசனை தெரியவில்லை. பரிசோதனையில் தொற்று இருக்கிறது என்று வந்தது. எங்கள் சந்தின் வாயைத் தகரம் அடித்து மூடினார்கள்.

மே மாதம் வேலை ஆரம்பித்ததிலிருந்து நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, வீடு, வந்த நேரம், போன நேரம், யார் யார் பக்கத்தில் நின்றார்கள். கடைசிப் பத்து நாளில் ஐந்து வீடு. மாடியில் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். "ஐயா, நான் பிளம்பர் பேசறேன். எனக்கு வந்திருக்கு. நீங்களும் பார்த்துக்குங்க." வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. ஒருவர் திட்டினார், திட்டட்டும். ஒருவர் ஒன்றுமே பேசாமல் வைத்துவிட்டார். வில்லிவாக்கம் அம்மா, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்கள். என் பெண் மாடிப்படியில் தட்டை வைத்துவிட்டு ஓடிவிடுவாள், கபசுரக் குடிநீரைச் சொம்பில் வைப்பாள். ஐந்து வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த 1,500 ரூபாயை இன்றுவரை நிம்மதியாக நினைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டேன். தண்ணீர் வராவிட்டால், கழிவறை அடைத்துக்கொண்டால், ஒழுகல் மின்சாரப் பெட்டி பக்கம் போனால் போவேன். மற்றதெல்லாம் அப்புறம். போனிலேயே சரிசெய்ய முடிந்தால் போனிலேயே. போவதற்கு முன்னால் கேட்பேன்: வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் இருக்கிறதா? நீங்கள் உண்மையைச் சொன்னால் நான் வராமல் இருந்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள். மொட்டை மாடி வேலை என்றால் வெளிப்பக்கமாக ஏறி முடித்துக்கொடுத்திருக்கிறேன். சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து.

எலக்ட்ரீசியன் அண்ணனுக்கு ஒரு வீட்டில் சொல்லவில்லை. 2021 மே மாதம், தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று வந்த சமயம். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையில் நின்ற சமயம். ஏசி ஓடவில்லை, குழந்தை தூங்கவில்லை என்று கெஞ்சினார்களாம். அண்ணன் இரக்கப்பட்டுப் போனார். உள் அறையில் படுத்திருந்த பெரியவருக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்பது பிறகுதான் அண்ணனுக்குத் தெரிந்தது. 11-ஆம் நாள் அண்ணன் இறந்துபோனார். 46 வயது. ஜூன் மாதம் சில மாவட்டங்களில் எலக்ட்ரீசியன், பிளம்பர் எல்லாம் இ-பதிவு செய்துகொண்டு வேலைக்குப் போகலாம் என்று அறிவிப்பு வந்தபோது அவர் இல்லை.

போவதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுத்தீர்கள் என்று எங்களை நிறையப் பேர் கேட்கிறார்கள். டிரம்மில் ஒரு மாத அரிசி இருந்திருந்தால் நான் அந்த அபார்ட்மென்டுக்குப் போயிருக்க மாட்டேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இதைக் கேட்கிற பிளம்பர், எலக்ட்ரீசியன், பெயின்டர் தம்பிகள், அக்காக்கள் யாராக இருந்தாலும், வாரியத்தில் சேருங்கள், சேர்ந்தவர்கள் புதுப்பியுங்கள். இப்போது ஆன்லைனிலேயே செய்யலாம். தெரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையைச் செய்யச் சொல்லுங்கள். என் அட்டையை என் பெண்தான் புதுப்பித்துக் கொடுத்தாள்.

அண்ணனுடைய டூல் பை என் வீட்டில் இருக்கிறது. அவர் மனைவி கொண்டுவந்து கொடுத்தார். பையன் ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படிக்கிறான், முடித்ததும் வாங்கிக்கொள்கிறேன் சித்தப்பா என்று சொல்லியிருக்கிறான். டெஸ்டரை மட்டும் போன மாதமே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நன்றி, வணக்கம்.