பல்லவியே நாட்டுப்பண் ஆனது

பெரியோர்களே, நண்பர்களே, பாடுவதற்காக மேடையோரம் காத்திருக்கும் பிள்ளைகளே,

அயர்லாந்தின் நாட்டுப்பண் மூன்று சரணங்களும் பல்லவியுமாக எழுதப்பட்ட பாட்டு. அந்த நாடு எடுத்துக்கொண்டது பல்லவியை மட்டும்தான். சரணம் தனிக்குரலுக்கு, பல்லவி கூட்டத்துக்கு. அயர்லாந்துக்காரர்களின் தேசப்பற்றுப் பாட்டெல்லாம் அந்தக் கூட்டத்தின் வாயில்தான் உயிரோடு இருக்கிறது.

எழுதியவர் பெடர் கியர்னி. டப்ளினில் வீடுகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்தவர். மெட்டு அமைத்ததில் அவருடைய நண்பர் பாட்ரிக் ஹீனிக்குப் பெரும்பங்கு. ஹீனி 1911-இல் காலமானார். பாட்டு அச்சேறியது 1912-இல். தன் மெட்டு எங்கே போய்ச் சேரப்போகிறது என்று அந்த மனிதருக்குத் தெரியாது. நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளின் தலைமை அஞ்சலகத்தைப் பிடித்தவர்கள் உள்ளே இதைப் பாடினார்கள். பிடிபட்டபின் வேல்ஸில் ஃப்ரோன்காக் முகாமிலும் பாடினார்கள். அரசு இதை நாட்டுப்பண்ணாக ஏற்றது 1926-இல்; சிறைப்பட்டவர்கள் பத்தாண்டு முந்திக்கொண்டார்கள். முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாட்டு இது. 1923-இல் லியாம் ஓ ரின் ஐரிஷ் மொழியில் தந்தார். இன்று மைதானங்களில் ஒலிப்பது அந்த வடிவம்தான்.

இப்படிப்பட்ட பாட்டுகளுக்கெல்லாம் முன்னோடி தாமஸ் டேவிஸ் என்ற ஐரிஷ் கவிஞர். 1842-இல் நண்பர்களோடு ஒரு வார இதழ் தொடங்கி, அதில் தேசப்பற்றுப் பாட்டுகளை அச்சிட்டார். முப்பது வயதில் மறைந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘மோ கிலா மார்’ என்ற ஐரிஷ் பாட்டு. பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸ் 1746-இல் ஸ்காட்லாந்தின் கல்லோடன் போரில் தோற்று நாடு கடந்தபின், அயர்லாந்தே ஒரு பெண்ணாகி அவரை நினைத்து அழுவதாகப் பிறந்த கவிதை. அது இன்றைய வடிவம் பெற்றது கார்க் மாவட்டத்து கூல் ஏ என்ற ஐரிஷ் பேசும் சிற்றூரில். இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா 1960-களில் அங்கே குடியேறி, ஊர் ஆண்களை வைத்தே ஒரு பாடகர் குழு அமைத்தார். அவர்கள் பாடும்போது கேளுங்கள். ஒப்பாரிதான், ஆனாலும் பல்லவி வந்ததும் முதுகு தானாக நிமிர்கிறது!

நமக்கும் இதில் ஒரு சொந்தம் உண்டு. ராஸ்காமன் மாவட்டத்தில் பிறந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார் முறையாக இசை படித்தவர். பெண்கள் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். 1915-இல் இந்தியாவுக்கு வந்தார். 1919 பிப்ரவரியில், அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளியில், அவர் கணவர் முதல்வராக இருந்த கல்லூரிக்குத் தாகூர் வந்து ‘ஜன கண மன’ பாடினார். மாணவர்கள் பல்லவியைச் சேர்ந்து பாடினார்கள். அந்த மெட்டுக்கு அம்மையார் இசைக்குறிப்பு எழுதினார். கூட்டமாகப் பாடும் நாட்டிலிருந்து வந்தவர் கையால் அது எழுதப்பட்டது எனக்குத் தனி மகிழ்ச்சி.

பிள்ளைகள் இப்போது ‘மோ கிலா மார்’ பாடுவார்கள். சரணத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பல்லவிக்கு நீங்கள் எல்லோரும் வாருங்கள்.