கவுன்சில் விற்ற பீர்

[திரை: மத்திய ஆஸ்திரேலியாவின் செம்மண் மலைகள்; ஒரு நீர்வண்ண ஓவியம்]

ஆல்பர்ட் நமட்ஜிரா. ஆஸ்திரேலியா கொண்டாடிய பூர்வகுடி ஓவியர். 1957இல் அவருக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது. கூடவே மது வாங்கும் உரிமையும். அவருடைய சொந்தபந்தங்களுக்கு இரண்டுமே இல்லை. ஆனால் கையில் உள்ளதைச் சொந்தத்தோடு பகிர்ந்துகொள்வதுதான் அவர்கள் முறை. 1958இல் இன்னொரு ஓவியருக்கு மது கிடைக்கச் செய்தார் என்று வழக்குப் போட்டு, தண்டித்தார்கள். அடுத்த வருஷமே இறந்துபோனார்.

வடக்குப் பிரதேசத்தில், பூர்வகுடிகள் மது வாங்கக் கூடாது என்ற இந்தத் தடை 1964இல் விலகியது. சரி, இனி எங்கே குடிப்பது?

[திரை: தகரக்கூரைக் கட்டடம், வரிசையில் ஆட்கள்]

பூர்வகுடி ஊர்களுக்குள்ளேயே உரிமம் பெற்ற கிளப் வைக்கலாம் என்றார்கள். பெரும்பாலும் பீர்தான், அதுவும் குறித்த நேரத்தில். உட்கார்ந்து குடித்துப் பழகினால் நிதானம் வந்துவிடுமாம். நீச்சல் வகுப்பு மாதிரி! ஆனாலும், தொலைவில் உள்ள பாருக்குப் போய்விட்டுப் போதையில் வண்டியோட்டி வருவதைவிட இது மேல் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

குவீன்ஸ்லாந்தில்தான் சிக்கல் முற்றியது. அங்கே பல பூர்வகுடி ஊர்களில் பீர் விற்கும் கான்டீனை நடத்தியதே ஊர் கவுன்சில். பீர் லாபத்தில்தான் ஊர்ச்செலவில் ஒரு பகுதி ஓடியது. அடிதடி, வீட்டில் வன்முறை என்று ஊர் சீரழிந்தால் தட்டிக்கேட்க வேண்டியதும் அதே கவுன்சில்தான். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். விற்பனை குறைந்தால் கல்லாவிலும் துண்டு விழுமே!

முன்னாள் நீதிபதி டோனி ஃபிட்ஸ்ஜெரால்டு 2001இல் கொடுத்த அறிக்கை, குவீன்ஸ்லாந்தின் வடகோடியில் உள்ள கேப் யார்க் ஊர்களின் நிலையைப் போட்டு உடைத்தது. கட்டுப்பாடுகள் வந்தன. 2008இல் கவுன்சில்கள் மது உரிமம் வைத்திருக்கவே கூடாது என்று சட்டம் ஆனது. கான்டீன்கள் மூடப்பட, கள்ளச்சரக்கு பல மடங்கு விலைக்குப் போனது.

[திரை: ஃபிட்ஸ்ராய் கிராசிங், ஆற்றங்கரை]

மேற்கு ஆஸ்திரேலியாவின் இந்தச் சிற்றூரில் 2007இல் வேறு மாதிரி நடந்தது. அடுத்தடுத்து இழவு வீடுகள். ஜூன் ஆஸ்கர் போன்ற பூர்வகுடிப் பெண்கள் முன்னின்று உரிம அதிகாரியிடம் போனார்கள். பாரை மூடச் சொல்லவில்லை. வெளியே எடுத்துப்போகும் சரக்கில் ஆல்கஹால் 2.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. உள்ளே உட்கார்ந்து குடிப்பவர்கள் குடிக்கலாம். வீட்டுக்குப் பெட்டி பெட்டியாகப் போனது மட்டும் நின்றது. ஊரில் எல்லாரும் இதை ஏற்கவில்லை. அந்தப் பெண்களைச் சொந்தக்காரர்களே திட்டினார்கள்.